எதிரி ஆஜர் இல்லை

“வலது காலத் தூக்குங்கம்மா. இன்னும் கொஞ்சம். நான் புடிச்சிருக்கேன்” என்றார் ஏட்டு ராயப்பன்.

நறுமுகை தூக்கினாள். அறுபது வயதுக் கால். ஒன்பதடி மதில். மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகளின் மீது ராயப்பன் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்துப் போட்டிருந்தார். பனியனோடு நின்ற அவருடைய தோளில் அவளுடைய இடது செருப்பு அழுந்தியது.

“மணி என்ன?”

“ரெண்டு அடிக்கப் பத்து நிமிசம்.”

ஐந்து மணிக்குள் பூலோகராஜ் கோர்ட்டில் நிற்க வேண்டும். மேல் கோர்ட் உத்தரவு நாலாக மடிந்து அவள் இடுப்பில் இருந்தது. ‘எதிரியை நேரில் ஆஜர்படுத்துக. இதற்கு மேல் வாய்தா இல்லை. அன்றே தீர்ப்பு சொல்க.’ இந்த மூன்று வரியை வாங்க அவளுக்கு நாலு வருடம் ஆனது. முன்வாசல் கேட்டில் மணியை அழுத்தினால், ‘ஐயா ஓய்வில் இருக்கிறார்’ என்று ஒரு பதிவுக் குரல் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது.

உந்தினாள். மதில்மேல் வயிறு பட்டு, புரண்டு, அந்தப் பக்கம் கிடந்த வாழைச் சருகுக் குவியலில் விழுந்தாள். பின்னாலேயே ராயப்பன் குதித்தார். சட்டையில் மூன்று கிழிசல்.

“இதுக்கு வேற மெமோ குடுப்பாவ” என்றபடி மாட்டிக்கொண்டார்.

“ஸ்டேஷன்ல வேற யாரும் வரலியா ஏட்டையா?”

“இன்ஸ்பெக்டருக்கு வயித்து வலி. எஸ்.ஐ.க்கு மச்சினிச்சி கல்யாணம். எனக்குத்தான் அந்த நேரத்துக்கு ஒரு காரணமும் தோணல.”

ராயப்பன் பொருநை மாவட்டத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதனால்தான் அவளோடு வந்தார். ஊரில் நாலு வருடம் இருந்த எந்தப் போலீஸ்காரரும் இந்த மதில் ஏற மாட்டார்.

பச்சை வலைக்குக் கீழே வாழை வரிசை வரிசையாக நின்றது. வெயிலை வலை தடுத்தது, புழுக்கத்தைத் தடுக்கவில்லை. இருவரும் குனிந்து நடந்தார்கள். வீடு இருநூறு அடி தள்ளித் தெரிந்தது.

“கேஸ் நம்பர் நாப்பத்தொண்ணு பார் முப்பத்திநாலுன்னு வாரண்ட்ல இருந்துச்சு” என்றார் ராயப்பன். “தப்பா அடிச்சிட்டாவன்னு நெனச்சேன். ரெண்டாயிரத்து முப்பத்திநாலுல எங்க அப்பாவுக்குக் கல்யாணமே ஆவலம்மா.”

“தப்பில்ல. அம்பத்தெட்டு வருசம். எனக்கு அப்ப ரெண்டு வயசு. எங்க அப்பா ஆறுமுகநயினார் கிராம நிர்வாக அலுவலர். ஆத்துல மணல் ஏத்திட்டு வந்த லாரிய மறிச்சாரு. லாரிய ஓட்டுனது எம்.எல்.ஏ. பூலோகராஜ். டிரைவர் பயந்து எறங்கி ஓடிட்டான்; பூலோகராஜே ஏறி உக்காந்து அப்பா மேல ஏத்திட்டான். அம்மா மத்தியானச் சோத்தோட போயிருந்தாவ. என்னை இடுப்புல வச்சுக்கிட்டு அங்கனதான் நின்னாவ.”

“பாத்த சாட்சி இருந்தும் தீர்ப்பு வரலியா?”

நறுமுகை மூச்சு வாங்க நின்றாள்.

“நடுவுல அந்த ஊசி வந்துச்சு.”

ராயப்பனுக்கு ஊசி தெரியும். யாருக்குத்தான் தெரியாது. மாதம் ஒரு ஊசி. போட்டால் வயதும் உடம்பிலிருக்கிற நோயும் அப்படியே நிற்கும். நாற்பது நாள் போடாமல் விட்டால், தள்ளிவைத்த வயதும் நோயும் மொத்தமாக வந்து உட்காரும். அதன்பின் ஆள் தேற மாட்டார். ஒரு ஊசிக்கான மருந்தைச் செய்ய ஒரு கிராமத்தின் ஓராண்டு வரி வேண்டும். எனவே எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்று சட்டமன்றம் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டது. முன்னாள் உறுப்பினர்களுக்கு மட்டும் ஓய்வூதியமாக வழங்குவது என்று அதே நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் நாலு நிமிடத்தில் தீர்மானம் போட்டது. எதிர்க்கட்சியும் மேசையைத் தட்டியது. ஊர் அதற்கு ஊசி பென்ஷன் என்று பெயர் வைத்தது.

ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கொலைகாரனுக்கும் கொள்ளைக்காரனுக்கும் எங்கள் காசில் ஆயுளா என்று கேட்டார்கள். நாலு வருடம் கழித்து ஒரு சட்டம் வந்தது: கொடுங்குற்றத்தில் தண்டனை பெற்ற மக்கள் பிரதிநிதியின் ஊசி பென்ஷன் தீர்ப்புச் சொன்ன அன்றே பறிக்கப்படும். அன்றைக்கு ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள்.

“சட்டம் நல்ல சட்டந்தானே” என்றார் ராயப்பன்.

“நல்ல சட்டந்தான். ஆனா தண்டனை வந்தாத்தானே பறிக்கணும்? அவனுக்குச் சாவு கெடையாது. சாட்சிக்கு உண்டு. வாய்தா வாங்கிட்டே இருந்தான். மொத ரெண்டு வருசத்துல நாலு சாட்சி போய்ச் சேந்துட்டாவ. அப்ப அரசு வக்கீல் மேல் கோர்ட்டுக்குப் போனாரு. அங்க ஒரு உத்தரவு போட்டாவ. தீர்ப்பு வர்ற வரைக்கும் மிச்ச சாட்சிக்கும் ஊசி குடுக்கணும்னு. ஜட்ஜு மாறினா கேஸ் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், அதனால ஜட்ஜுக்கும். அரசு வக்கீலுக்கும். அப்புறம் எதிரித் தரப்புக்கு அநியாயம் ஆயிரக் கூடாதுல்லா, அவன் வக்கீலுக்கும். கேஸ் கட்டைத் தூக்குற பெஞ்ச் கிளார்க்குக்கும். மொத்தம் ஏழு பேரு. வழக்குப் பட்டியல்னு பேரு.”

ராயப்பன் யோசித்தபடி நாலு எட்டு வைத்தார். பிறகு நின்றார்.

“அப்ப தீர்ப்பு வந்துட்டா?”

“பட்டியல் முடிஞ்சு போச்சு. எல்லாருக்கும் ஊசி நிக்கும்.”

“உங்க அம்மாவுக்குமா?”

“அம்மாவுக்குந்தான்.”

“நாப்பது நாளு.”

“ஆமா.”

“தெரிஞ்சேதான் இந்த மதில் ஏறுனியளா?”

நறுமுகை நடக்கத் தொடங்கினாள். “நான் ஒன்பதாப்பு படிக்கையில அம்மா மொத ஊசி போட்டுட்டு வந்தாவ. அன்னைக்குச் சொன்னாவ. ‘இவன் பென்ஷன் நிக்கிறதைப் பாத்துட்டா அன்னைக்கே நான் போவத் தயாரு. அதுக்காகத்தான் இந்த விஷத்தப் போட்டுக்கிடுதேன்’னு. எங்க வீட்டுல கல்யாணம், நல்லது கெட்டது எல்லாம் தீர்ப்புக்கு அப்புறம்னு தள்ளி வச்சோம். எனக்குக் கல்யாணமே அப்படித்தான் போச்சு.”

“இப்பமும் அப்படிச் சொல்லுதாவளா?”

“இப்ப கேஸப் பத்திப் பேசுறதில்ல.”

வீட்டின் பின்கதவு திறந்துதான் இருந்தது. சமையற்கட்டு வாசற்படியில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். போலீஸ் சட்டையைப் பார்த்ததும் எழவில்லை. ஓடவும் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

“எம் பேரு தளவாய். இங்க சமையலு” என்றார். “மதில் ஏறியா வந்திய? கேட்டுப் பக்கத்துச் சின்னக் கதவு சும்மா சாத்தித்தான் கெடக்கு.”

ராயப்பன் தன் சட்டைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டார்.

“பூலோகராஜ் எங்க?” என்று கேட்டாள் நறுமுகை.

மாடியிலிருந்து இருமல் சத்தம் வந்தது. கனத்த, சளி கட்டிய இருமல். இரண்டு முறை. பிறகு ஒரு செருமல்.

நறுமுகை படியேறி ஓடினாள். பின்னால் ராயப்பன் விலங்கை எடுத்துக்கொண்டு ஏறினார். இடப் பக்கம் மூன்றாவது அறை. கதவைத் தள்ளினாள்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. தேக்குக் கட்டிலில் மெத்தை, வெள்ளை விரிப்பு, தலையணை இரண்டு. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. தலைமாட்டில் உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒருமுறை செருமியது.

“இருவது நிமிசத்துக்கு ஒரு தடவை” என்றார் மெல்லப் படியேறி வந்த தளவாய். “அக்கம்பக்கத்துக்குக் கேக்கணும்லா.”

“ஆள் எங்கவே?” ராயப்பனின் குரல் உயர்ந்தது.

“ஆறு வருசம் ஆச்சுய்யா. குளிக்குற ரூம்ல வழுக்கி விழுந்துட்டாவ. பின்மண்டை. ஒரு சத்தந்தான் கேட்டுச்சு.” தளவாய் கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். “நூறு வயசுக்காரரு. ஊசி வயசையும் நோயையுந்தானே நிறுத்தும். சோப்பு நுரைய நிறுத்துமா?”

ராயப்பன் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஒடம்பு?”

“கெழக்க ஏழாவது வரிசை. வரும்போது பாத்திருப்பிய. அந்த வாழைதான் நல்லாத் தாரு போடுது.”

நறுமுகை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விரிப்பில் முதல் சுருக்கம் விழுந்தது. ஐம்பத்தெட்டு வருடம் அவள் ஒரு ஆளை வெறுத்து வளர்ந்திருந்தாள். அதில் ஆறு வருடம் ஆளே இல்லை.

“யாருக்கெல்லாம் தெரியும்?” என்றாள்.

“நான் மொதல்ல வக்கீல் வைகுண்டநாதன் ஐயாவுக்குத்தான் போன் போட்டேன். அவரு, ‘யாருகிட்டயும் மூச்சு விடாதே’ன்னுட்டு, சாயங்காலம் எல்லாரையும் கூட்டியாந்துட்டாரு. கீழ முன்ரூம்ல உக்காந்து பேசுனாவ. நான்தான் காபி போட்டேன். ஏழு காபி. அதுல மூணு சீனி இல்லாம.”

“ஏழு பேரும் யாரு?”

தளவாய் விரல் விட்டார். “வக்கீலையா. ஜட்ஜம்மா. அரசு வக்கீலு. பெஞ்ச் கிளார்க்கு. அன்னைக்கு லாரிய விட்டு எறங்கி ஓடுன டிரைவரு. அப்புறம் அன்னைக்கு ஆத்துல நின்னு பாத்த பரிசல்காரரு, சாட்சி.”

ஆறு விரல். ஏழாவது விரல் மடங்கியே இருந்தது. தளவாய் ஜன்னலைப் பார்த்தார்.

நறுமுகை கேட்கவில்லை. ராயப்பன்தான் கேட்டார். “வருசா வருசம் கருவூலத்துல நேர்காணல் உண்டே. ஆள் உசுரோட இருக்காருன்னு காட்டணும்லா. அத எப்படித் தாண்டுனிய?”

“படுத்த படுக்கைன்னா ஆள் போக வேண்டாம். சான்று போனாப் போதும். ஆனா ஆள்மாறாட்டம் நடந்துரக் கூடாதுன்னு ஒரு விதி. அந்தச் சான்றுல எதிர்த்தரப்பு ஆளுதான் கையெழுத்துப் போடணும். ‘நேரில் பார்த்தேன், அவரேதான், உயிரோடு இருக்கிறார்’னு எழுதி.” தளவாய் குரலைத் தாழ்த்தினார். “புருசனக் கொன்னவன் உசுரோட இருக்கான்னு பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டா, அதுக்கு மேல யாரு கேப்பா?”

ராயப்பன் நறுமுகையைப் பார்க்காமல் விலங்கை இடுப்பில் சொருகிக்கொண்டார். சொருகியபின் ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியது.

“அப்ப மாசாமாசம் அவன் பேருக்கு வர்ற ஊசி? அதையும் வாங்குதியளா?”

“கருவூலத்து வண்டி வரும். வாங்கி ஐஸ் பெட்டியில வைப்பேன். வக்கீலையா ஆள் அனுப்பி எடுத்துட்டுப் போயிருவாவ. யாருக்குன்னு நான் கேட்டதில்ல. ‘நீ வேணும்னா போட்டுக்க தளவாய்’னு மொத மாசம் சொன்னாரு. எனக்கு வேண்டாம்னுட்டேன். ஒரு மட்டம் வாழ்ந்ததே சீரழிஞ்சு கெடக்கு.”

ஒலிபெருக்கி இருமியது. நறுமுகை எழுந்தாள்.

*

ஓட்டுநர் இல்லாத ஆட்டோ கோர்ட்டை நோக்கி ஓடியது. மணி மூன்றே முக்கால். வலப் பக்கம் ஆறு. அதாவது ஆறு இருந்த பள்ளம். ராயப்பன் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதிய. எதிரி செத்துட்டா வழக்கு அத்தோட அத்துப் போச்சு. அது உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“தண்டனை கெடையாது. தண்டனை இல்லாம பென்ஷன் பறிமுதலும் கெடையாது. குத்தவாளின்னு ஒரு வரி கூட எங்கயும் எழுத மாட்டாவ. மாண்புமிகு முன்னாள் உறுப்பினர்னு இரங்கல் தீர்மானம் போட்டு, சட்டமன்றத்துல ரெண்டு நிமிசம் எந்திரிச்சு நிப்பாவ.”

“நின்னுட்டுப் போவட்டும்.”

“உங்க அம்மாவும் போயிருவாவ.”

“ஏட்டையா. ஆறு வருசமா ஒரு ஒலிபெருக்கிய வச்சுக்கிட்டு ஏழு பேரு என்னை வச்சு விளையாடியிருக்காவ. நான் வாய்தாவுக்கு வாய்தா முன்வரிசையில உக்காந்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஜட்ஜம்மா என்னைப் பாத்து, ‘பொறுமையா இருங்க, நீதி தாமதமாகலாம், மறுக்கப்படாது’ன்னு சொன்னாவ. அவிய குடிச்சது சீனி போட்ட காபியா, போடாததான்னு தெரியல.” அவள் குரல் உடையவில்லை. “அவன் குத்தவாளின்னு எழுத மாட்டாவன்னா, செத்தவன்னாவது எழுதட்டும். நான் சொல்லத்தான் போறேன். நீங்க பாத்ததச் சொல்லுவியளா, மாட்டியளா?”

ராயப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சொல்லுவேன்” என்றார். “மூணு பொட்டப் புள்ளைய. வேலை போனா என்ன செய்யன்னு தெரியல. ஆனாலும் கண்ணால பாத்துட்டேனே.”

கோர்ட் தாழ்வாரத்தில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மணி நாலரை. கடைசித் தூணுக்குப் பக்கத்து பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சொர்ணலதா. எண்பத்தொன்பது வயது. நாற்பத்துமூன்றில் நின்ற முகம். நரைக்காத பின்னல், பச்சைச் சேலை, மடியில் ஒரு கைப்பை. மகளைக் கண்டதும் எழுந்து நின்றாள். நறுமுகை தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

கோப்புக் கட்டோடு போன ஒரு இளம் வக்கீல் நின்று, “மேடம், உங்க அம்மாவ மொதல்ல உக்கார வைங்க. வெயில்ல வந்திருக்காங்க போல” என்று சொர்ணலதாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இருவரும் அதைத் திருத்தவில்லை. எப்போதும் திருத்துவதில்லை.

“பாத்துட்டியாட்டி?” என்றாள் அம்மா.

“பாத்தேன். இருமலக் கேட்டேன்.”

அம்மா தலையசைத்தாள். “இன்னைக்கு இல்லாட்டாலும் என்னைக்காவது நீ அந்த வீட்டுக்குள்ள போவன்னு தெரியும். உங்க அப்பா கொணம் உனக்கு. லாரியப் பாத்தாலும் ஒதுங்க மாட்டாரு.”

“அப்பா பேரச் சொல்லாதிய.” நறுமுகை குறுக்கே கையைக் காட்டினாள். “ஆறு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிய. அவன் உசுரோட இருக்கான்னு. எந்தக் கையால போட்டிய? அவ்வளவு ஆசையா உசுரு மேல?”

“இல்லன்னு சொல்ல மாட்டேன். நாப்பத்தாறு வருசமா மாசாமாசம் கையை நீட்டிட்டேன். ஆசை வந்துருமுல்லா. மொத ரெண்டு வருசம் விஷமா இருந்துச்சு. அப்புறம் தேதிய நானே எண்ண ஆரம்பிச்சேன்.”

“பாவம் பாக்கணும்னு நெனைக்கியளா?”

“வேண்டாம். வெறுத்துக்க. ஆனா உள்ள போயி வாயத் தொறக்குறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்க. எனக்காவ இல்ல.”

“என்னத்த?”

சொர்ணலதா ஒரு எட்டு முன்னால் வந்தாள். மகளின் நரைத்த தலையைத் தன் தோள்பக்கம் இழுத்துக் காதருகே குனிந்தாள். வழக்குகளை அழைக்கும் டவாலி கதவைத் திறந்து கத்தினார். நாலு அடி தள்ளி நின்ற ராயப்பனுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நறுமுகையின் கை தூணிலிருந்து நழுவிக் கீழே விழுந்ததை மட்டும் பார்த்தார்.

“நாப்பத்தொண்ணு பார் முப்பத்திநாலு” என்றார் டவாலி.

*

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இவருக்கும் நூறை நெருங்குகிற வயது, ஐம்பதில் நின்ற முகம். கீழே பெஞ்ச் கிளார்க். வலப் பக்கம் அரசு வக்கீல், இடப் பக்கம் வைகுண்டநாதன். இரண்டு வக்கீல்களும் ஒரே பேனாவைப் பகிர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடம் ஒருவருக்கெதிராக ஒருவர் வாதாடினால் அப்படி ஆகிவிடும்.

டவாலி தாழ்வாரத்தைப் பார்த்து மூன்று முறை அழைத்தார்.

“பூலோகராஜ். பூலோகராஜ். பூலோகராஜ்.”

பதில் வருவதற்காக முறைப்படி சற்று நேரம் நின்றார். திரும்பினார்.

“எதிரி ஆஜர் இல்லை.”

“வாரண்ட் என்ன ஆச்சு?” என்றார் நீதிபதி.

ராயப்பன் சாட்சிக் கூண்டின் பக்கம் நடந்தார். கிழிந்த சட்டை. சல்யூட் அடித்தார். தொண்டையைச் சரிசெய்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார் நீதிபதி. பெஞ்ச் கிளார்க்கிடம் குனிந்தார். “ஏட்டு, வாரண்டை நிறைவேற்றப் போனவர். இந்த வழக்கில் இவர் முக்கியமான சாட்சி. பட்டியலில் எட்டாவதாகச் சேர்த்துக் கருவூலத்துக்கு இன்றே எழுதுங்கள்.” நிமிர்ந்தார். குரலில் கனிவு இருந்தது. “இப்போது சொல்லுங்கள் ஏட்டு. அவசரமில்லை. யோசித்துச் சொல்லுங்கள்.”

மின்விசிறி சுற்றியது. ராயப்பனின் மூன்று மகள்களின் முகமும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அவர் நறுமுகையைத் திரும்பிப் பார்த்தார். உடனே தரையைப் பார்த்தார்.

“மனுதாரர் நறுமுகையம்மாவும் கூட வந்தாங்க” என்றார். “மாடிக்கு மொதல்ல ஏறினது அவங்கதான். நேர்ல பாத்தது அவங்க. அவங்களே சொல்லிருவாங்க.”

“சரி. நறுமுகை, நீங்கள் சொல்லுங்கள்.”

நறுமுகை எழுந்தாள். முன்வரிசை. நாற்பது வருடமாக அவள் உட்காரும் இடம். வைகுண்டநாதன் எழுதுவதை நிறுத்தினார். கிளார்க்கின் விரல்கள் கட்டின் மேல் அசையாமல் இருந்தன. பின்வரிசையில் முன்னாள் லாரி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கதவருகே அம்மா நின்றிருந்தாள். அவள் மட்டும் யாரையும் பார்க்கவில்லை.

இடுப்பிலிருந்த உத்தரவை நறுமுகை எடுத்தாள். பிரித்தாள். அதிலிருந்த மூன்று வரியையும் ஒருமுறை மனசுக்குள் படித்தாள். திரும்பவும் மடித்தாள்.

“எதிரி படுத்த படுக்கையா இருக்காரு” என்றாள். “எழுப்ப முடியல.”

யாரோ மூச்சை விடுகிற சத்தம் கேட்டது.

“நீங்கள் நேரில் பார்த்தீர்களா?”

“பாத்தேன். இருமுனாரு.”

“மேல் கோர்ட் உத்தரவு உங்கள் மனுவின் மேல்தான். இனி வாய்தா இல்லை என்கிறது. மனுதாரரே கேட்டுக்கொண்டால் ஒழிய நான் தர முடியாது.”

“நானே கேக்கேன்.”

“எவ்வளவு நாள்?”

“நீங்க பாத்துக் குடுங்க.”

“எதிரித் தரப்பு?”

“ஆட்சேபணை இல்லை” என்றார் வைகுண்டநாதன். அரசு வக்கீலும் அதையே சொன்னார். வழக்கு மார்ச் பதினொன்றுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நீதிபதி எழும்போது நறுமுகையைப் பார்த்து லேசாகத் தலை குனிந்தார். வணக்கமா வெட்கமா என்று சொல்ல முடியாத ஒரு குனிதல்.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. சொர்ணலதா முன்னால் நடந்து ஆட்டோ நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். மகள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை. நறுமுகை படிக்கட்டில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி ராயப்பனும் உட்கார்ந்தார். அவர் கையில் ஒரு சீட்டு இருந்தது. கருவூலத்தில் முதல் வெள்ளிக்கிழமை வரச் சொல்லி, அரக்கு முத்திரையோடு.

“நீங்க சொல்லியிருந்தா நானும் ஆமான்னு சொல்லியிருப்பேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “சொல்லியிருப்பேனான்னு தெரியல” என்றார்.

“பரவால்ல ஏட்டையா.”

“மதில் ஏறுன பொம்பள. ஆட்டோவுல அவ்வளவு பேசுனிய. உள்ள போயி எல்லாத்தையும் மாத்திட்டிய. அம்மா சாவப் போறாவன்னு எரக்கப்பட்டா?”

“இல்ல. அதுக்கு நான் ஒன்பதாப்புலயே தயாராயிட்டேன்.”

“பின்ன? காதுல அப்படி என்னத்தச் சொன்னாவ?”

நிறுத்தத்தில் சொர்ணலதாவுக்குப் பின்னால் நின்ற ஒரு ஆள், அவள் பையை வாங்கி ஆட்டோவுக்குள் வைத்தான். நறுமுகை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது வேறு யாருடைய கதையையோ சொல்வது போலிருந்தது.

“ஆறு வருசத்துக்கு முன்னால நெஞ்சடைச்சு நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன். எங்கிட்ட, வெறுங் கொழுப்பு, கரைஞ்சிரும்னு சொன்னாவ. டாக்டர் அம்மாவ மட்டும் தனியாக் கூப்புட்டு, ஆறு மாசம் தாங்கினா அதிகம்னு சொல்லியிருக்காரு. அது எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அதே வாரந்தான் அவன் குளிக்கப் போயி விழுந்தது. சாயங்காலம் எல்லாரும் உக்காந்து, சான்றுல நீங்கதான் கையெழுத்துப் போடணும்னு அம்மாகிட்டக் கேட்டிருக்காவ. போடுதேன், ஆனா எனக்கு ஒண்ணு வேணும்னு அம்மா சொன்னாவளாம்.”

ராயப்பன் தன் கையிலிருந்த சீட்டை மெதுவாக மடித்தார்.

“மாசாமாசம் மொத வெள்ளிக்கெழமை அம்மா எனக்கு ஒரு சத்து ஊசி போடுவாவ” என்றாள் நறுமுகை. “அது அவன் பென்ஷன், ஏட்டையா.”